செவ்வாய்க்கிழமை ரத்தம்

கோபன்ஹேகன்
14 செப்டம்பர் 1998

அன்புத் தம்பி எஸ்பெனுக்கு, அக்கா ரக்னா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீயும் டிட்டேயும் அந்தத் தீவுக் காத்துல சளி, காய்ச்சல் இல்லாம இருக்கீங்கன்னு நினைச்சுக்கறேன்.

பார்த்தியா, நான் பேச்சு மாறல. போன்ல பேசினா மூணாவது நிமிஷம் ரெண்டு பேரும் ரிசீவரைப் போட்டு உடைக்கறோம், இனிமே எழுத்துதான், சாவுச் சேதிக்கு மட்டும் போன்னு அப்பா வீட்டை வித்த அன்னைக்கு நீதானே சட்டம் போட்டே. எழுத்துல சண்டை போட்டா பதில் வர நாலு நாள் ஆகும், அதுக்குள்ள கோபம் ஆறிடும்னு பெரிய ஞானி மாதிரி சொன்னே. பார்க்கலாம்.

நான் இங்க என்னதான் செய்யறேன்னு உன் பொண்டாட்டி டிட்டே கேட்டாளாமே. அக்கா எலிக்கு ஊசி போடுறான்னு நீ துறைமுகம் பூரா சொல்லிட்டுத் திரியாதே. சரியாக் கேட்டுக்க. ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கு, கிருமி வந்தா அடிச்சு விரட்டறதுக்கு. சில பேருக்கு அதுக்குப் புத்தி பிசகிப்போய்ச் சொந்த உடம்பையே அடிக்குது. அடிச்சதும் இல்லாம, ஆத்தறேன்னு கிளம்பி, காயமே படாத இடத்துல தழும்பு போடுது. தோல் இறுகும். விரல் மடங்காது. அப்புறம் நுரையீரல். தழும்பு விழுந்தா விழுந்ததுதான், அதைக் கரைக்க மருந்து கிடையாது. எங்க வார்டுல ஒரு அம்மாவால ஆப்பிள் கடிக்கற அளவுக்கு வாயைத் திறக்க முடியல.

என் கட்சி இதுதான். தோல் இறுகறதுக்கு ரொம்ப முன்னாடியே ரத்தத்துல ஒரு வகை அணு தலைதூக்குது. அதை அப்பவே பிடிச்சுட்டா, தழும்பு விழறதுக்கு முன்னாடி மருந்தை ஆரம்பிச்சுடலாம். நோயாளிங்க ரத்தத்துல அது இருக்கு, கண்ணால பார்த்துட்டேன். நல்லா இருக்கறவங்க ரத்தத்துல இல்லைன்னு காட்டணும், அவ்வளவுதான் பாக்கி. பேராசிரியர் க்ராக் ஏப்ரல் கடைசி வரைக்கும் தவணை கொடுத்திருக்கார். காட்டலைன்னா என் மேஜை இன்னொருத்தனுக்கு. பதினோரு வருஷ உழைப்புடா.

மெஷின் ஒழுங்கா எண்ணுதான்னு சரிபார்க்க வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஆரோக்கியமான ஒரே ஆளோட ரத்தம் வேணும். வேற யாரு, நான்தான். சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு உக்காந்துடுவேன். எங்க ஆய்வுக்கூடத்து உதவியாளர் மோகென்ஸ் எடுப்பார். "உங்க நரம்பு மாதிரி நரம்பு இந்தக் கட்டடத்துலயே கிடையாது ரக்னா, கண்ணை மூடிக்கிட்டுக் குத்தலாம்"பார். இந்த வயசுல என்னைப் புகழ ஒரு ஆம்பளை கிடைச்சான் பாரு.

டிட்டேக்கு என் அன்பு. புகை போட்ட ஹெர்ரிங் மீன் கண்ணுல நிக்குது.

உன் அக்கா
ரக்னா


நெக்ஸோ, போர்ன்ஹோம்
2 அக்டோபர் 1998

அக்கா,

நாங்க சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீயே சொல்லிட்டே, சந்தோஷம்.

உன் கடிதத்தை டிட்டே ரெண்டு தடவை படிச்சா. "உங்க அக்கா இவ்வளவு தெளிவாப் பேசுவாங்களா?"ன்னு கேட்டா. போன்ல நாம கத்தறதைத்தானே கேட்டிருக்கா, பாவம். துறைமுகத்துல இப்போ சேதி மாறிடுச்சு. அக்கா எலிக்கு ஊசி போடல, தனக்குத்தானே போட்டுக்கறான்னு சொல்லியிருக்கேன். போதுமா?

பட்டறையில வேலை கழுத்தை நெரிக்குது. சீசன் முடிஞ்சதும் எல்லாப் படகுக்காரனுக்கும் ஒரே நேரத்துல இன்ஜின் ஞாபகம் வருது. நேத்துலேர்ந்து குளிர்காலக் கடல் குளியலும் ஆரம்பிச்சாச்சு. காலையில குதிச்சுட்டு நேரா வேலைக்குப் போறேன். நீ கிறிஸ்துமஸுக்கு வர்றே. கேள்வி இல்ல, உத்தரவு. உன்னைத் தூக்கிக் கடல்ல போடலைன்னா என் பேரை மாத்திக்கறேன்.

அந்த அணு பிடிபட்டுச்சா இல்லையா? அதை மட்டும் எழுது, மத்ததெல்லாம் எனக்குத் தலைக்கு மேல போகுது.

தம்பி
எஸ்பென்


கோபன்ஹேகன்
9 நவம்பர் 1998

அன்புள்ள எஸ்பென்,

நலம். நீங்களும் அப்படியே இருக்கணும்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதுக்குக் காரணம், எனக்கு இருப்புக் கொள்ளல. எல்லாம் கெட்டுப்போயிட்டு இருக்கு. செவ்வாய்க்கிழமை ரத்தத்துல, அதாவது சுத்தமா இருக்கவேண்டிய ரத்தத்துல, அந்த அணு தெரியுது! செப்டம்பர்ல துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. இப்போ வாரத்துக்கு வாரம் ஏறுது. நோயாளிக்கும் எனக்கும் வித்தியாசம் காட்டாத மெஷினை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ரெண்டு தடவை ஆள் வந்து கழட்டி மாட்டிட்டுப் போனான். அணுக்களுக்கு நிறம் ஏத்தற சாயத்தையும் புதுசாத் தருவிச்சேன். கேட்டா குழாய் சரி, சாயம் சரி, எல்லாம் சரிங்கறாங்க. அப்போ தப்பு எங்கடா?

மோகென்ஸ்தான் சாயம் கலக்கும்போது கவனக்குறைவா இருக்கார்னு முடிவு கட்டினேன். எங்க கூடத்துல ஒரு சட்டம் உண்டு: சொதப்பினவங்க வெள்ளிக்கிழமை காபிக்குக் கேக் கொண்டு வரணும். அவரை ரெண்டு வெள்ளிக்கிழமை கொண்டு வர வச்சுட்டேன். ரெண்டாவது தடவை கேக்கை மேஜையில வச்சுட்டு, "இது எந்தத் தப்புக்குன்னு எனக்கே தெரியல, இருந்தாலும் சாப்பிடுங்க"ன்னார். மத்தவங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கல.

க்ராக் என் வரைபடத்தைப் பார்த்துட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டினார். "எல்லார்கிட்டயும் இருக்கற ஒண்ணைத்தான் நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்களோ என்னமோ, ரக்னா. அப்படின்னா அது ஒண்ணுமே இல்லையே"ன்னார். குரல்ல அப்படி ஒரு இரக்கம். அந்த இரக்கத்துக்கு அவர் என்னைக் கன்னத்துல அறைஞ்சிருக்கலாம்.

டிட்டேக்குச் சொல்லு, கிறிஸ்துமஸுக்கு வர்றேன்.

ரக்னா


நெக்ஸோ
22 நவம்பர் 1998

அக்கா,

சௌக்கியம்தான், முதுகுவலியைத் தவிர.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கோவிச்சுக்காதே. நாலு நாள் கழிச்சுத்தானே உன் திட்டு வரும், அந்தத் தைரியத்துல எழுதறேன். ஆனா அந்த மோகென்ஸ் பாவம்கா. என் பட்டறையில நான் ஒரு பையனை இப்படிக் குத்தம் சொல்லிட்டே இருந்தா அவன் ஸ்பானரை என் மண்டையில போட்டிருப்பான். அவர் கேக் வாங்கிட்டு வந்திருக்கார். நல்ல மனுஷன், விட்டுடாதே.

இன்ஜின்ல ஒரு சத்தம் வந்தா நாங்க ஒரு வாரம் அதை நிறுத்திட்டு வேற வேலை பார்ப்போம். அப்புறம் காது புதுசா இருக்கும். நீயும் இங்க வந்து பத்து நாள் சும்மா இரு. வாத்து ரோஸ்ட் பண்றது என் பொறுப்பு. ஒத்தைப் பாதாம் ஒளிச்சு, அது கிடைச்சவங்களுக்குப் பரிசு தர்ற பாயசம் டிட்டே பொறுப்பு. சண்டை போடாம இருக்கறது உன் பொறுப்பு.

எஸ்பென்


கோபன்ஹேகன்
11 ஜனவரி 1999

அன்புள்ள எஸ்பென், டிட்டே,

பத்திரமா வந்து சேர்ந்தேன். படகு ஆடின ஆட்டத்துல பாதிப் பேர் வாந்தி எடுத்தாங்க, நான் தூங்கிட்டு வந்தேன். வாத்தும் நல்லா இருந்துச்சு, நீங்களும் நல்லா இருந்தீங்க. பாதாம் மூணாவது வருஷமா எஸ்பென் கிண்ணத்துலயே வர்றது எப்படின்னு மட்டும் எனக்குப் புரியல. டிட்டே, நீ அவனுக்குச் செல்லம் கொடுக்கறே.

கடல்ல தூக்கிப்போட்டதுக்கு உன்மேல இன்னும் கோபம்தான். உங்க எல்லாருக்கும் விரல் பத்து நிமிஷத்துல சிவந்துடுச்சு, எனக்கு மதியம் வரைக்கும் மெழுகுவத்தியாட்டம் வெளுத்தே கிடந்துச்சு. பழக்கமில்லைன்னு நீ சிரிச்சே. இங்க வந்தப்புறம் நல்ல கம்பளிக் கையுறை வாங்கிக்கிட்டேன்.

வேலை விஷயம். ரத்த வங்கியிலேர்ந்து முன்பின் தெரியாத ஆரோக்கியமானவங்க ரத்தம் ஒரு தொகுதி வரவழைச்சு ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். ஒருத்தர்கிட்டகூட அந்த அணு இல்ல. மெஷின் சரி. சாயம் சரி. மோகென்ஸும் சரி. செவ்வாய்க்கிழமை ரத்தத்துல மட்டும்தான்

இங்க ஒரே பனி. சைக்கிள் ஓட்ட முடியல, பஸ்ல போறேன். பக்கத்து வீட்டுக்காரர் நாய் செத்துப்போச்சு. வேற விசேஷம் இல்ல.

ரக்னா


நெக்ஸோ
24 ஜனவரி 1999

அக்கா,

நாங்க நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு இந்தத் தடவை நிஜமாவே கேக்கறேன். ஏன்னா எப்பவும் முதல் வரியில "நலம்"னு எழுதுவே, இதுல எழுதல. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன், எங்கயும் இல்ல. ஒரு வாக்கியத்தைப் பாதியில விட்டுட்டு நாய் செத்த கதைக்குப் போயிட்டே. செத்த நாயைப் பத்தி எழுதற ஆளா நீ?

செவ்வாய்க்கிழமை ரத்தம் உன்னோடதுதானே. நீதான் செப்டம்பர்ல எழுதினே, கடிதம் இங்கதான் இருக்கு. எல்லார்கிட்டயும் சுத்தம், அதுல மட்டும் இருக்குன்னா என்ன அர்த்தம்? எனக்கு இன்ஜின்தான் தெரியும், நீயே சொல்லு. டிட்டே வேற ஒண்ணு சொல்றா. பாத்திரம் கழுவும்போது உன் மோதிரத்தைக் கழட்ட முடியாம சோப்புப் போட்டு இழுத்தியாம், விரல் வீங்கியிருந்துச்சாம். கேட்டதுக்கு உப்பு ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொன்னியாம்.

உடனே எழுது.

எஸ்பென்


நெக்ஸோ
21 பிப்ரவரி 1999

அக்கா,

எழுதி நாலு வாரம் ஆகுது. ஒரு வரி இல்ல. தபால்காரனை வாசல்லயே மறிச்சுக் கேக்கறேன், அவன் என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பறான்.

நேத்து ஒரு இன்ஜினைத் திறந்து வச்சுக்கிட்டு எந்த நட்டை எங்க கழட்டினேன்னு மறந்து நின்னேன். இருபது வருஷத்துல இப்படி ஆனதில்ல. ராத்திரி புரண்டு புரண்டு படுத்து டிட்டே தூக்கத்தையும் கெடுக்கறேன். ரெண்டு தடவை போனைக் கையில எடுத்து உன் நம்பரைப் பாதி சுத்திட்டு வச்சுட்டேன். சாவுச் சேதிக்கு மட்டும்னு சட்டம் போட்ட வாயாலயே கூப்பிட எனக்குப் பயமா இருக்கு, போதுமா? பயம்னு சொல்லிட்டேன்.

எதுவா இருந்தாலும் எழுது. திட்டியாவது எழுது.

எஸ்பென்


கோபன்ஹேகன்
3 மார்ச் 1999

என் எஸ்பென்,

உன் ரெண்டாவது கடிதத்தை மூணு நாளா கைப்பையிலயே வச்சுக்கிட்டு அலைஞ்சேன். முழுப்பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தேன், டிட்டேயோட கண்ணு விடல. சொல்லிடறேன்.

எனக்கு அந்த நோய்தான். வாயை மூடிக்கிட்டுக் கடைசி வரைக்கும் படி.

ஜனவரியிலயே புரிஞ்சுடுச்சு. பஸ்ல வரும்போது கையுறையைக் கழட்டி, குளிர்ல வெளுத்த விரலைப் பார்த்தேன், இந்த நோயோட முதல் அடையாளமே அதுதான், எங்க இறங்கணும்னுகூட மறந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிட்டேன். அப்புறம் எங்க வார்டு டாக்டர் போடில்கிட்ட, பதினோரு வருஷமா யாருக்காக ஓடறேனோ அந்த நோயாளிங்க வரிசையிலயே போய் உட்கார்ந்தேன். ஆப்பிள் கடிக்க முடியாத அம்மா என்னைப் பார்த்து, "டாக்டரம்மா, நீங்க ஏன் இந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க?"ன்னாங்க. போடில் ரத்தம் பார்த்தார், படம் எடுத்தார். தோல் இன்னும் இறுகல. நுரையீரல் அடியில மட்டும் லேசா ஒரு மங்கல். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப்பானையில விழுந்துச்சாம்.

வெள்ளிக்கிழமை நானே கேக் வாங்கிட்டுப் போனேன், பெரிசா, சாக்லேட் போட்டது. மோகென்ஸ் கேட்டார், "இது யார் பண்ணின தப்புக்கு?" நான் சொன்னேன், "ஆரோக்கியமானவ ரத்தம்னு நினைச்சு நோயாளி ரத்தத்தை ஓட்டிட்டு இருந்தோம். உங்க மேல தப்பில்ல மோகென்ஸ், என்னை மன்னிச்சுடுங்க." அவர் கையில எடுத்த கேக் கத்தியைக் கீழ வச்சார். அப்புறம், "அப்போ நீங்க சொன்னது சரிதான், ரக்னா"ன்னார். ஆமாம்டா, நான் சொன்னது சரி! தோல்ல ஒண்ணுமே தெரியாத காலத்துலயே அந்த அணு ஏறுது. சரின்னு நிரூபிச்சுட்டேன், ஆனா அந்தத் தாழ்வாரத்துல ஒருத்தராலயும் எனக்கு வாழ்த்துச் சொல்ல முடியல.

இப்போ முக்கியமான விஷயம். எல்லாரும் நோய் வந்தப்புறம்தான் எங்ககிட்ட வர்றாங்க. நோய் வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து, வாராவாரம், ஒரே ஆளோட ரத்தம் உலகத்துல யார்கிட்டயும் கிடையாது. என்கிட்ட இருக்கு. தோல் இறுகற வாரம் வரைக்கும் அது தொடர்ந்துட்டா, அதுக்கு மேல யாரும் என்னை மறுத்துப் பேச முடியாது. போடில் உடனே மருந்து ஏத்தணும்கறார். ஏத்தினா அந்த அணு அழிஞ்சுபோயிடும், வரைபடம் பாதியில நின்னுடும். அதனால ஏப்ரல் கடைசி வரைக்கும் தள்ளிப்போட்டிருக்கேன். ரெண்டு மாசம்தானே. மோகென்ஸ்கிட்ட, டாக்டர்தான் பொறுத்திருந்து பார்க்கலாம்னார்னு சொல்லி வச்சிருக்கேன். இல்லைன்னா அந்த மனுஷன் ஊசியைத் தொடமாட்டார்.

கவலைப்படாதே. என் வேலை எனக்குத் தெரியும்.

அக்கா


நெக்ஸோ
7 மார்ச் 1999

அக்கா,

உன் கடிதத்தைப் பட்டறையில நின்னுக்கிட்டே படிச்சேன். டிட்டே வந்து உட்கார வச்சா.

நோய் வந்தது உன் தப்பில்ல. அதுக்கு அழுதேன், இன்னும் அழுவேன், அது என் பாடு. ஆனா கடைசிப் பாராவைப் படிச்சப்புறம் அழுகை நின்னுபோச்சு. என்ன பேச்சு பேசறே நீ? தழும்பு விழுந்தா விழுந்ததுதான், கரைக்க மருந்து கிடையாதுன்னு எழுதினது யாரு? விழறதுக்கு முன்னாடி மருந்து கொடுக்கத்தான் பதினோரு வருஷம் ராப்பகலா உழைச்சே. இப்போ கையில மருந்து இருக்கு, தழும்பு இன்னும் விழல, நீ உக்காந்து அது விழட்டும்னு பார்த்துட்டு இருக்கே. மரக்கட்டையாகற வரைக்கும் காத்திருந்து அதைப் படம் வரையப்போறியா? வேற ஒரு நோயாளி இப்படிச் செஞ்சா அவளை என்ன திட்டு திட்டுவே!

ரெண்டு மாசம்தானேங்கறே. நுரையீரலுக்கு ரெண்டு மாசம்னா எவ்வளவுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரிஞ்சவ நீ அதை எழுதல, பார்த்தியா?

மருந்தை ஆரம்பிச்சுட்டேன்னு ஒரு வரி எழுது. ரெண்டு வாரம் பார்ப்பேன். வரலைன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது.

எஸ்பென்


கோபன்ஹேகன்
24 மார்ச் 1999

எஸ்பென்,

நலம் விசாரிக்கற மனநிலையில நான் இல்ல.

உனக்கு யாருடா அதிகாரம் கொடுத்தது? என்னைக் கூப்பிடத்தான் கூடாது, என் கூடத்துக்குப் போன் பண்ணி மோகென்ஸ்கிட்ட பேசலாமோ? நேத்து செவ்வாய்க்கிழமை. வழக்கம்போலக் கையைச் சுருட்டிட்டு உட்கார்ந்தேன். அவர் தட்டோட வந்தார், ஊசி, குழாய், பஞ்சு எல்லாம் இருந்துச்சு. என் முன்னாடி வச்சுட்டுக் கையைப் பின்னால கட்டிக்கிட்டார்.

"உங்க தம்பி கூப்பிட்டார்."

"அவன் இன்ஜின் ரிப்பேர்காரன். உங்க வேலையைப் பாருங்க."

"டாக்டர் பொறுக்கச் சொன்னாருன்னீங்களே, அது பொய்யா ரக்னா?"

நான் சட்டைக் கையை இன்னும் மேல சுருட்டினேன்.

"ரெண்டு கேக் வாங்க வச்சீங்க, வாங்கினேன். இன்னும் இருபது வாங்கச் சொல்லுங்க, வாங்கறேன். மருந்து ஏத்திக்கிட்டு வாங்க, தினமும்கூட எடுக்கறேன். இப்படி எடுக்கமாட்டேன்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டார்.

நானே எடுத்துக்கப் பார்த்தேன். இடது கையால குத்த வரல. வலது கையால பிடிச்சா விரல் மடங்கல. குழாய் கீழ விழுந்து உடைஞ்சதுதான் மிச்சம். ஒரு செவ்வாய்க்கிழமை போச்சு. போனது போனதுதான், அதை யாராலும் திருப்பித் தர முடியாது. நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குப் புரியாது. பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தடவை எனக்குக் கிடைச்சதுடா அது.

இனிமே எழுதாதே.

ரக்னா


நெக்ஸோ
11 ஏப்ரல் 1999

அக்கா,

எழுதாதேன்னே. எழுதறேன். நான் எப்போ உன் பேச்சைக் கேட்டிருக்கேன்?

மன்னிப்புக் கேக்கமாட்டேன். மோகென்ஸ்கிட்ட நான் ஒண்ணும் பெரிசாச் சொல்லல. "டாக்டர் உடனே மருந்துன்னார், அவதான் தள்ளிப்போடறா. எங்க அக்கா எனக்கு வேணும், சார்"னேன். அவர், "எனக்கும்"னார்.

உன் வரைபடத்தோட அருமை எனக்குப் புரியாதுதான். ஒத்துக்கறேன். எத்தனை பேரைக் காப்பாத்துமோ, நான் அதைக் கெடுத்த பாவியாவும் இருக்கலாம். இருந்துட்டுப் போறேன். நீ என்னைத் திட்டு. அடுத்த வருஷமும் திட்டு, பத்து வருஷம் கழிச்சும் இதைச் சொல்லிச் சொல்லித் திட்டு. உயிரோட இருந்து திட்டு.

நீ ஒரு வார்த்தை எழுது, அடுத்த படகுல நான் அங்க நிப்பேன்.

தம்பி
எஸ்பென்


கோபன்ஹேகன்
21 ஏப்ரல் 1999

அன்புத் தம்பி எஸ்பெனுக்கு,

நான் நலமா இல்ல. நீயும் டிட்டேயும் நலமா இருக்கணும். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க, ஒரு கையில ஊசி மாட்டியிருக்கு, மெத்தைமேல காகிதத்தை வச்சு எழுதறேன்.

நேத்து முதல் மருந்து ஏத்தினாங்க. போன வாரம் வரைக்கும் உன்மேல கொலைவெறியிலதான் இருந்தேன், அதையும் சொல்லிடறேன். வியாழக்கிழமை போடில் மூச்சுச் சோதனைக்குக் கூப்பிட்டார். ஊதினேன். பிப்ரவரியில இருந்ததைவிட நல்லாவே குறைஞ்சிருக்கு. அவர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பினார். எஸ்பென், அதைப் பார்த்ததும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அட, அணு ஏறினதும் மூச்சு குறைஞ்சதும் எவ்வளவு அழகாப் பொருந்துதுன்னு சந்தோஷம் வந்துச்சு. நிஜமான சந்தோஷம்டா. என் சொந்த மூச்சு குறைஞ்சதுக்கு நான் சந்தோஷப்பட்டிருக்கேன். இந்த நோய்க்கு நான் இதுவரைக்கும் அப்படிப் பயந்ததில்ல, அந்தச் சந்தோஷத்துக்குத்தான் பயந்தேன். போடில் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இப்பவே ஆரம்பிங்க, நான் எழுந்து ஓடறதுக்குள்ள ஆரம்பிங்க"ன்னேன்.

போன ரெண்டு மாசத்துல நுரையீரல்ல விழுந்தது விழுந்ததுதான். திரும்பாது. மாடிப்படி ஏறினா நடுவுல ஒரு தடவை நிக்கணும், அது இனிமே அப்படித்தான். அதுக்கு மேல விழாம இருக்கலாம்கறார் போடில். இருக்கலாம்னுதான் சொன்னார். வாந்தி வருது, முடி கொட்டுமாம். டிட்டேகிட்ட அந்தப் பச்சைத் தொப்பி இருக்கே, அதைக் கேட்டு எடுத்துட்டு வா.

க்ராக் வந்து கட்டில் பக்கத்துல நின்னார். என் வரைபடத்தை முழுசாப் பார்த்திருக்கார். "இது ஒரே ஒரு ஆள்தானே ரக்னா"ன்னார். "ஆமாம், ஒரே ஒரு ஆள்தான்"னேன். குளிர்ல விரல் வெளுக்குது, மத்தபடி ஒண்ணும் இல்லைன்னு வர்றவங்களை எல்லாம் மோகென்ஸ் இனிமே வாராவாரம் பார்க்கப்போறார். அணு ஏறினா அன்னைக்கே மருந்து. அதுக்கு இன்னொரு வருஷம் தவணை வாங்கிட்டுத்தான் க்ராக்கை வெளிய விட்டேன். ரத்தம் எடுக்க மோகென்ஸ் இன்னைக்குக் காலையில வந்தார். ஒரே குத்துல எடுத்தார். அப்புறம் பஞ்சை ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சுட்டு இருந்தார்.

நீ வா. வந்தா சண்டை போடுவோம், தெரியும், இருந்தாலும் வா. படகு எப்போன்னு போன் பண்ணிச் சொல்லு.

கட்டுரையை எழுத ஆரம்பிச்சுட்டேன். வரைபடத்துல கோடு மார்ச் பதினாறாம் தேதியோட நின்னுபோகுது. படிக்கறவங்க கேட்பாங்க, இவ்வளவு அபூர்வமான தொடரை ஏன் பாதியில விட்டீங்கன்னு. கேட்டா எழுதறதுக்கு ஒரு வரி வச்சிருக்கேன்: ரத்தம் கொடுத்தவளுக்கு வாழணும்னு ஆசை வந்துடுச்சு.

உன் அக்கா
ரக்னா